நண்டா, தவளையா? ராமநாதபுரத்தில் ஆய்வுக்கு எதை எடுக்கலாம்

விலங்கியல் முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதியப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

மாதிரி சேகரிப்பு
நண்டு: பாம்பன், மண்டபத்தில் விடியற்காலை வலை பிரிக்கும் இடத்தில் நின்றால் போதும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடையிலும் நாட்டுப்படகு போகும்.
தவளை: வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைய வேண்டும். மழை பொய்த்தால் ஒரு வருஷம் போச்சு.

செலவு
நண்டு: நீளம் அளக்க வெர்னியர் அளவி, தராசு, ஐஸ் பெட்டி.
தவளை: டார்ச், ஒலிப்பதிவுக் கருவி, அப்புறம் இரவில் துணைக்கு ஓர் ஆள்.

அனுமதி
நண்டு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும்.
தவளை: கையில் பிடிக்கும் முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு சினை நண்டைப் புரட்டிப் பாருங்கள். அகன்ற வயிற்று மடலுக்கடியில் முட்டைகள் ஆரஞ்சாக இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுக்கும். இதைப் பார்த்த பிறகு பலர் நண்டை விடுவதில்லை. 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமும் மண்டபத்தில்தான் இருந்தது. அதனால் படிக்கப் பழைய ஆய்வுகள் நிறைய உண்டு.

தவளைக்கு ஈரத்தோல். உப்பு அதன் வழியே உள்ளே போய்விடும். கடலோர ஊருணி உவர்ப்பாகும்போது தலைப்பிரட்டைகள் என்ன ஆகின்றன? இது நம் மண்ணின் கேள்வி.

உதவித்தொகைக் காலத்துக்குள் முடிக்க வேண்டுமா, நண்டு. வீட்டில் நெருக்கடி இல்லை, மழைக்குக் காத்திருக்கலாம் என்றால் தவளை. என் மனசு தவளைப் பக்கம்தான்.