மீன் நீந்தவில்லை என்று கொடுத்தேன், 2,300 ரூபாய் போச்சு

மொபைல் சர்வீஸ் கடையில் போனைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒற்றை ஷட்டர் கடைதான்.

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் மீன்கள் நீந்துகிற லைவ் வால்பேப்பர் இருந்தது. திடீரென்று அசையாமல் நின்றுவிட்டது. கால், வாட்ஸ்அப் எல்லாம் ஒழுங்காக இருந்தன, மீன் மட்டும்தான் நின்றது. அம்மாவுக்கோ அதுதான் பெரிய குறை.

அன்று நான்தான் முதல் போணி போலிருக்கிறது. கடைக்காரர் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "எங்கம்மா போன் மாதிரி பாத்துத் தர்றேன் சார், காசு எங்க போயிடப் போகுது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். டேட்டா போகாதே என்று கேட்டதற்கும் "ஒண்ணும் போகாது சார்" என்றார்.

சாயங்காலம் மீன் நீந்தியது. "கிராஃபிக்ஸ் ஐ.சி. அவுட், மாத்திட்டேன்" என்றார், அதாவது திரையில் படம் காட்டுகிற சிப் போய்விட்டதாம். 2,300 ரூபாய் கேட்டார். ஜிபேயில் போட்டேன். பில் கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'ஐ.சி. 2300' என்று கிறுக்கித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேலரி காலி. என் மகளின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அய்யா செய்திருந்தது வெறும் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கியிருக்கிறார்!

இரண்டு நாளில் சார்ஜ் குறைந்ததும் மீன் மறுபடி நின்றது. அக்கா மகள் திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்து, "மாமா, பேட்டரி சேவர் ஆன்ல இருக்கு" என்று அணைத்தாள். மீன் நீந்தியது. அவ்வளவுதான் சங்கதி. சார்ஜை மிச்சப்படுத்த பேட்டரி சேவரே வால்பேப்பரை நிறுத்திவைக்கிறது. ரீசெட் செய்தபோது அதுவும் அணைந்ததால் கடையில் ஓடியிருக்கிறது. இதற்கா 2,300 ரூபாய்? போனில் கிராஃபிக்ஸ் வேலையைப் பார்ப்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் பகுதி. அதை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றவே முடியாது.

போய்க் கேட்டேன். "மாஸ்டர் சாப்பிடப் போயிருக்கார்." அடுத்த முறை, "அம்மா தண்ணில போட்டிருப்பாங்க சார்." கழற்றிய ஐ.சி.யைக் காட்டுங்கள் என்றால், "குப்பை வண்டில போயிடுச்சு." கடைசியில், "2,300 ரூபாய்க்கு இவ்ளோ பேசறீங்களே சார்" என்று என்னையே கேட்கிறார். அது அம்மாவின் மாத்திரைக் காசு.

வால்பேப்பர் நின்றால் முதலில் பேட்டரி சேவரைப் பாருங்கள். ஐபோனில் லோ பவர் மோடு. அதுவும் சரியாக இருந்தால், அந்த வால்பேப்பர் ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் படங்களை பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள், பில் இல்லாமல் காசு தராதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது.

ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தக் கார்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை காலை பேசப்போகிறேன். கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.