டச் பட்டை வச்ச லேப்டாப்ல எட்டு மாசம் டேலி போட்ட அனுபவம்

நான் மதுரைல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். கீழமாசி வீதில ரெண்டு மொத்தக் கடை, வெளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, இப்படி நாலஞ்சு எடத்துக்கு போயி அவங்க கடைலயே உக்காந்து டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டுக் குடுப்பேன். பழைய லேப்டாப் மடக்குற எடத்துல ஒடஞ்சு போச்சு, அதனால போன செப்டம்பர்ல புதுசு ஒண்ணு வாங்கினேன். மேல இருக்குற எஃப்1, எஃப்2 வரிசை அதுல கிடையாது, அந்த எடத்துல மழமழன்னு ஒரு பட்டை, உள்ளருந்து வெளிச்சத்துல எழுத்து தெரியும், தொட்டா போதும். கம்பெனி பேரு எழுதல, ஏன்னா நான் சொல்லப்போற குறை இப்படி பட்டை வச்ச எந்த லேப்டாப்புக்கும் பொருந்தும்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். வெயிட் கம்மி, ஸ்கிரீன் அருமை, பேட்டரி ஒரு நாள் கடை வேலைக்கு தாங்குது, டேலி கம்பெனி டேட்டா எவ்ளோ பெருசா இருந்தாலும் டக்குனு தொறக்குது. அதுல ஒரு குறையும் இல்ல.

இப்ப பட்டை விஷயம். டேலி போடுறவங்களுக்கு எஃப் வரிசைதான் உசுரு, ஒவ்வொரு வகை என்ட்ரிக்கும், அதாவது வவுச்சருக்கும், ஒரு கீ. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், தேதி மாத்த எஃப்2. ஒரு நாளைக்கு இருநூறு பில்லு போடுறப்ப என் கண்ணு ஸ்கிரீன்லயும் இருக்காது கீபோர்டுலயும் இருக்காது, இடது கைப்பக்கம் இருக்குற பில் கட்டுலதான் இருக்கும், விரலு தானா போயி சரியான கீய அமுக்கும். அது எப்படி முடியுதுன்னா, பெரிய கீபோர்டுல பாருங்க, எஃப் கீய நாலு நாலா பிரிச்சு நடுவுல கொஞ்சம் எடம் விட்டுருப்பாய்ங்க, எஃப்8 ரெண்டாவது கூட்டத்தோட கடைசி, எஃப்9 மூணாவது கூட்டத்தோட ஆரம்பம், அதாவது சேல்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, விரலு அந்தப் பள்ளத்துல ஒரசுனாலே எது எதுன்னு தெரிஞ்சுரும். என் பழைய லேப்டாப்ல பள்ளம் இல்லாட்டியும் ஒவ்வொரு கீக்கும் ஒரு ஓரம் இருந்துச்சு, எண்ணிப் போயிரலாம். பட்டைல ஓரமும் இல்ல பள்ளமும் இல்ல. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாத்துத்தான் தொடணும், அதுக்குள்ள பில்லுல எந்த வரில இருந்தேன்னு மறந்துரும்.

இன்னொண்ணு, விரல அதுமேல வச்சுக்கிட்டு இருக்க முடியாது. கீன்னா அமுக்குனாத்தான் வேலை செய்யும், பட்டை பட்டாலே வேலை செஞ்சுரும். நவம்பர்ல பத்தாம் தேதி ராத்திரி முந்துன மாசம் வித்த கணக்க ஜிஎஸ்டிக்கு காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 ரெடி பண்றேன், மறுநாள் 11 கடைசி தேதி, பில் நம்பர் வரிசைல மூணு நம்பர காணோம். கடைக்காரரு போன்ல, "என்ன தம்பி, நாம வத்தல் வித்தத நாமளே வாங்குனோம்னு காட்டுது"ன்னாரு. பாத்தா அந்த மூணும் பர்ச்சேஸ்ல போயி உக்காந்துருக்கு. எஃப்9ல விரல் ஒரசி வவுச்சர் மாறுனது தெரியாம பில்லப் பாத்துக்கிட்டே போட்டுருக்கேன். அன்னிக்கு கண்டுபிடிக்கலேன்னா வித்த கணக்கு கொறஞ்சு, வாங்காத சரக்குக்கு வரி வரவு ஏறி, அவருக்கு நோட்டீஸ் வந்துருக்கும். பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேன், இந்த மாதிரி தப்பு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

ஏப்ரல் வந்ததும் இன்னும் மோசம். கடைல ஏசி கிடையாது, ஃபேன் காத்துதான், அதுவும் பில் பறக்கும்னு கம்மியா வச்சுருப்பாய்ங்க. கை வேர்த்துக் கொட்டும். இந்தப் பட்டை விரல் பட்டதும் மாறுற மின்னூட்டத்த வச்சுத்தான் தொட்டது தெரிஞ்சுக்குது, ஈரம் பட்டா அதுக்கு கொழப்பம், ஒரு தடவ தொட்டா ரெண்டு தடவ எடுக்குது, இல்லேன்னா எடுக்கவே மாட்டேங்குது. மதியம் வாசப்பக்கம் உக்காந்தா வெயில்ல எழுத்தே தெரியல. எஸ்கேப்பும் அதே பட்டைலதான், 1 அடிக்கப் போயி அதுல பட்டுச்சுன்னா டேலி வெளிய போகவான்னு கேக்கும்.

இது புதுசா வந்த யோசனையும் கிடையாது. லெனோவோ 2014ல திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்ல இப்படி ஒரு மாறுற வரிசை வச்சு, அடுத்த வருஷ மாடல்லயே சாதாரண கீய திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. ஆப்பிள் 2016 அக்டோபர்ல மேக்புக் ப்ரோல டச் பார்னு கொண்டு வந்தாங்க, நல்ல ஓஎல்இடி திரை, ஆனா தொட்டா விரலுக்கு ஒரு அதிர்வும் வராது. 2019ல 16 இன்ச்ல எஸ்கேப்ப மட்டும் நிஜ கீயா திருப்பிக் குடுத்தாங்க, 2021ல 14, 16 இன்ச்ல முழு வரிசையும் வந்துருச்சு, கடைசியா மிச்சமிருந்த 13 இன்ச்சும் 2023 அக்டோபர்ல நின்னுபோச்சு. வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் படிச்சிருந்தா என் பணம் மிஞ்சியிருக்கும், அதனாலதான் இவ்ளோ வெவரமா எழுதுறேன்.

டச் பாருக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். கல்யாண வீடியோ எடிட் பண்ற எங்க மாப்ள ஒருத்தன் மேக்குல அத வச்சுருந்தான், பட்டைல விரல இழுத்தே வீடியோவ முன்ன பின்ன ஓட்டுவான், சவுண்டும் அப்படியே இழுத்து கூட்டிக்கொறப்பான், அவனுக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. அவன் வேலைல கண்ணு எப்பவும் ஸ்கிரீன் மேல, எனக்கு பில்லு மேல. இதுதான் வித்தியாசம்.

எனக்கு மனசு கஷ்டமானது வேற எடத்துல. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பேங்க்ல வேல பாக்குறாரு, ரெண்டு கண்ணும் தெரியாது, என்விடிஏங்கிற சாஃப்ட்வேர் வச்சு கம்ப்யூட்டர் அவருக்கு படிச்சுச் சொல்லும், என்னைவிட வெரசா வேல பாப்பாரு. பேஜ்ல இருக்குற லிங்க் எல்லாத்தையும் வரிசையா கேக்க எஃப்7 வேணும் அவருக்கு. என் லேப்டாப்ப கைல குடுத்தேன், மேல தடவிப் பாத்துட்டு, "இதுல எஃப்7 எங்கிட்டு இருக்கு தம்பி?"ன்னு கேட்டாரு. தடவுறப்பவே மூணு விண்டோ தொறந்து வேற என்னமோ ஆகிப்போச்சு. அவருக்கு அந்த மிஷின் பூட்டுன கதவு மாதிரிதான்.

இப்ப நான் என்ன பண்றேன்னா, ஒரு டிவிஎஸ் கோல்டு கீபோர்டு வாங்கி பையிலயே வச்சுருக்கேன். 1911ல நம்ம மதுரைல ஆரம்பிச்ச டிவிஎஸ் குடும்பத்து பேரு, அந்த டக் டக் சத்தம் ஊருல பாதி கணக்குப்புள்ளைங்க கடைல கேக்கும். வெயிட்டு கூடத்தான், கம்மி வெயிட்டுன்னு லேப்டாப் வாங்கினதுக்கு அர்த்தம் இல்லாம போச்சு, ஆனா அன்னிலருந்து ஒரு பில்லுகூட எடம் மாறல.

டேலி, எக்செல்னு பொழைக்கிறவங்க இந்த மாடலுக்கு போக வேணாம், அஞ்சுக்கு ரெண்டு மார்க்கு, அதுவும் ஸ்கிரீனுக்கும் பேட்டரிக்கும். கடைக்கு போனா டெமோ பீஸ்ல நோட்பேட தொறந்து வச்சு, ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே எஃப்5அ பத்து தடவ தொடுங்க, சரியா தொட்டா ஒவ்வொரு தடவையும் தேதியும் நேரமும் விழும். எனக்கு பத்துல நாலுதான் விழுந்துச்சு.