டோக்கியோ மொழிப் பள்ளியில் படித்து முடித்த பின்

கோயம்புத்தூரிலிருந்து கல்லூரித் தம்பி ஒருவர் சென்ற வாரம் அழைத்திருந்தார். பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, வங்கிக் கடன் வாங்கி, டோக்கியோவில் ஒரு ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேரலாமா என்று கேட்டார். பேச்சுவாக்கில் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. நிதானமாக எழுதிவைத்தால் அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். மாணவர் விசா, வருடத்தில் நான்கு முறை நடக்கும் சேர்க்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 7 முதல் 9 லட்சம் யென் வரை வரும் கட்டணம், வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி இவற்றையெல்லாம் முகவர்களே விவரமாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: அந்த வகுப்பறையில் நீங்கள் வாய் திறந்து பேசும் நேரம் மிக மிகக் குறைவு. படித்து முடித்து, இதே ஊரில் வேலைக்கும் சேர்ந்துவிட்ட இன்றுவரை என்னை விடாமல் உறுத்துவது அது ஒன்றுதான்.

என் குறை ஆசிரியர்கள்மேல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வியட்நாம், நேபாளம், சீனா, மியான்மர் என்று பல நாட்டவர் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதால், முதல் நாளிலிருந்தே ஜப்பானிய மொழியிலேயே ஜப்பானிய மொழியைக் கற்பிக்கிறார்கள். மாணவர்களுக்கு இதுவரை தெரிந்த சொற்கள் எவை, தெரியாதவை எவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த எல்லையைத் தாண்டாமல், இரண்டு படங்களையும் கைச் சைகையையும் கொண்டு ஒரு புதிய இலக்கண வடிவத்தைப் புரியவைத்துவிடுவார்கள். நான் இந்தியாவில் படித்த எந்த வகுப்பிலும் இப்படிப்பட்ட முன்தயாரிப்பைக் கண்டதில்லை. எழுதிக் கொடுத்த பத்தியில் ஓர் உருபு பிசகியிருந்தாலும் மறுநாள் காலை அது சிவப்பு மையில் திருத்தப்பட்டு மேசைக்கு வந்துவிடும். வாசிக்கவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் எனக்கு இன்று இருக்கும் திறன் முழுவதும் அவர்கள் கொடுத்தது.

தமிழ் பேசுகிறவருக்கு இன்னொரு மகிழ்ச்சியும் அங்கே காத்திருக்கிறது. வினை கடைசியில் வருகிறது. உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதுபோல எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ‘சாப்பிட்டுப் பார்’, ‘எழுதி வை’ என்று நாம் துணைவினை சேர்க்கும் அதே இடத்தில் அவர்களும் சேர்க்கிறார்கள். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ முன்வைத்த கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த விவாதம் எப்படிப் போனாலும், அமைப்பிலுள்ள ஒற்றுமை வகுப்பில் தினமும் கைகொடுத்தது. மற்றவர்கள் பாதி வகுப்பு நேரம் தடுமாறிய நீண்ட வாக்கியங்கள் எனக்கு ஒருமுறை கேட்டவுடனே பிடிபட்டன.

ஆனால் பள்ளி நம்மை எடைபோடுவது அந்த இடத்தில் இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 காஞ்சி (kanji), அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் இருக்கின்றன. சீன மாணவர்களுக்கு அவற்றில் பெரும்பகுதி பார்த்தவுடனே பொருள் தெரிந்துவிடும். நமக்கு ஒவ்வொன்றும் புதிதாக ஏற வேண்டிய படி. நான் படித்த பள்ளியில் பிரிவுகளைப் பிரிக்கும் தேர்வும் மாதத் தேர்வும் எழுத்தில்தான் நடந்தன. தினமும் காலையில் காஞ்சித் தேர்வோடுதான் வகுப்பு தொடங்கும். வாசிப்புப் பாடம் சீன மாணவர்களின் வேகத்துக்கு ஓடும். பேச்சில் எங்களைவிடத் தயங்கிய அவர்கள் மேல் பிரிவுக்குப் போவார்கள். தடையில்லாமல் பேசத் தொடங்கிய நேபாளத் தோழர்கள் எழுத்துக்காகக் கீழ்ப் பிரிவிலேயே நிற்பார்கள். இதில் சீன மாணவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. நமக்கு இயல்பாக வரக்கூடியதை அளக்காமல், அவர்களுக்கு இயல்பாக வருவதை மட்டும் அளக்கும் அளவுகோல்மேல்தான் எனக்குக் கோபம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாணவர் விசா தரும் பள்ளிகளுக்கு அரசு வகுத்துள்ள விதிப்படி வாரத்துக்குக் குறைந்தது 20 பாடவேளைகள். ஒரு பாடவேளை 45 நிமிடம். ஒரு வகுப்பில் 20 பேர் வரை இருக்கலாம். ஆசிரியர் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும், நிறைந்த வகுப்பில் ஓர் ஆளுக்கு ஒரு பாடவேளைக்கு இரண்டே கால் நிமிடம்தான் வரும். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. ஆசிரியர் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரோடு புத்தகத்திலுள்ள உரையாடலை வாசிப்பது, இவ்வளவுதான் பேச்சுப் பயிற்சி. தன் மனத்தில் தோன்றிய ஒன்றைத் தன் வாக்கியத்தில் சொல்லி, எதிராளியின் மறுகேள்விக்கும் பதில் சொல்லும் வாய்ப்பு அந்தப் பள்ளியில் எனக்கு அரிதாகவே கிடைத்தது.

இதற்கான காரணம் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. 1984-இல் தொடங்கி, 2010 முதல் தொடக்க நிலையான என்5-இலிருந்து மிக உயர்ந்த என்1 வரை ஐந்து நிலைகளில் நடக்கும் அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. எழுதும் பகுதியும் கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாமே விடைத்தாளில் பென்சிலால் வட்டம் நிரப்புவதுதான். என்2 நிலையில் 180-க்கு 90-உம் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19-உம் எடுத்தால் தேர்ச்சி. அதற்காக ஒரு வாக்கியம்கூட உச்சரிக்க வேண்டியதில்லை. தொழிற்கல்விக் கல்லூரிகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது என்2; நிறுவனங்கள் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது என்2; உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்1-க்கு 15, என்2-க்கு 10. மாணவரின் எதிர்காலம் அந்தச் சான்றிதழில் தொங்கும்போது பள்ளி அதற்குத்தான் பயிற்சி கொடுக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டாலும் ஆறவில்லை. ஜப்பான் அரசின் ஆலோசனைக் குழுவே 2021-இல் தொகுத்த மொழிக்கல்விச் சட்டகத்தில், கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றோடு உரையாடுவதையும் விளக்கிப் பேசுவதையும் தனித்தனித் திறன்களாக வைத்திருக்கிறது. அந்த ஐந்தில் இரண்டை மட்டும் சோதிக்கும் தேர்வுக்காக இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தை வளைப்பது மாணவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

‘பகுதிநேர வேலைக்குப் போனால் பேச்சு தானாக வந்துவிடும்’ என்று முகவர்கள் சொல்வதை நம்பிவிட வேண்டாம். நான் கொன்பினியில், அதாவது இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடையில் நின்றேன். வாடிக்கையாளரிடம் பேச வேண்டியது எல்லாம் பயிற்சிக் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்த மரியாதை வாக்கியங்கள்: புள்ளி அட்டை இருக்கிறதா, உணவைச் சூடாக்கித் தரட்டுமா, பை வேண்டுமா. இரவு முழுதும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். வாடிக்கையாளர் தலையசைப்பார் அல்லது கையைக் காட்டுவார். 2025 அக்டோபர் முதல் டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென், இரவு பத்து மணிக்குமேல் அதோடு கால் பங்கு கூடுதல். ஆகவே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த வேலை உதவும். மொழிக்கு உதவாது.

நான் சொல்வது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என்2 தேர்ச்சி பெற்றபின் வந்த குளிர்காலத்தில், அறையில் வெந்நீர் வருவது நின்றுவிட்டது. குளியலறைச் சுவரிலுள்ள சிறு திரையில் 111 என்ற எண் மின்னியது. கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எரிவாயு பற்றவில்லை என்பதற்கான எண் அது என்பதும், அடுத்துச் செய்ய வேண்டியவையும் அகராதி இல்லாமலே வாசித்துப் புரிந்தன. பிறகு வீட்டு நிர்வாக நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். சமையலறை அடுப்பு எரிகிறதா, மற்றக் குழாய்களிலும் இப்படித்தானா, வெளியே எரிவாயு மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா, எப்போதிலிருந்து இந்த நிலை என்று அந்தப் பெண் வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் தெளிவாகக் காதில் விழுந்தது, பொருளும் விளங்கியது. ‘அடுப்பு எரிகிறது, நேற்று இரவுவரை வெந்நீரும் வந்தது, காலையில் இருமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், பற்றும் சத்தம் கேட்டது, உடனே அணைந்துவிட்டது’ என்று கோவையாகச் சொல்ல மட்டும் எனக்கு வரவில்லை. தனித்தனிச் சொற்கள் வந்தன. தொடர்ந்து பேச்சு வரவில்லை. அவர் பொறுமையாக இருந்து, இறுதியில் அறைக்கு ஆளை அனுப்புகிறேன் என்று முடித்துக்கொண்டார். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, என்2 சான்றிதழும் வாங்கியவருக்கு, வெந்நீர் வரவில்லை என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லப் பயிற்சி தரப்படவில்லை என்பதுதான் அன்று எனக்கு உறைத்தது. வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதுதான் நடந்தது. சான்றிதழ் என்னை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தது. ‘முந்தைய வேலையில் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

பேச்சு எனக்கு வந்த இடம் வேறு. வார்டு சமூகக் கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் தன்னார்வத்தோடு நடத்தும் மாலை நேர வகுப்பு அது. பல வார்டுகளிலும் நகரங்களிலும் இப்படிப்பட்டவை உண்டு, கட்டணம் பெயரளவுக்குத்தான். கற்பிப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஒருவருக்கு ஒருவர், மிஞ்சினால் இருவருக்கு ஒருவர் என்று எதிரெதிரே உட்காருவோம். எனக்கு வாய்த்த அம்மையார் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவே மாட்டார். முடித்ததும், அதையே தான் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வேன் என்று சொல்லிக் காட்டி, என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். வெந்நீர்க் கதையைச் சொன்னபோது அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். தொலைபேசியில் முகமும் கையும் உதவாது, ஆகவே இப்படியே பேசிப் பழகு என்றார். அவர் நிர்வாக நிறுவனத்துப் பெண்ணாகக் கேட்க, நான் குடியிருப்பவராகப் பதில் சொல்ல, சுவரைப் பார்த்துக்கொண்டே அந்த அழைப்பை நாங்கள் திரும்பத் திரும்ப நடத்தினோம். பிறகு நேர்முகத் தேர்வையும் அப்படியே. தமிழின் வாக்கிய அமைப்பு எனக்கு எவ்வளவு பெரிய துணை என்பது அங்கேதான் முழுதாகத் தெரிந்தது. வாயைத் திறக்க நேரம் கிடைத்ததும் வாக்கியங்கள் தாமாக வரிசையில் நின்றன. பள்ளி ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தராததை, அந்த அம்மையார் வாரத்துக்கு ஒரு மாலையில், ஊதியமே இல்லாமல் தந்தார்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: சேர வேண்டாம். இவ்வளவு நல்ல ஆசிரியர்களைப் புகழ்ந்துவிட்டு, அந்தப் பள்ளியின் பயிற்சியில் வாங்கிய சான்றிதழால் வேலையும் பெற்றுவிட்டு இப்படிச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். கேட்பது நியாயம்தான். பள்ளி இல்லாவிட்டால் எனக்கு விசா இல்லை, என்2 இல்லை, அந்தச் சமூகக் கூடமும் இல்லை. இருந்தாலும், கடன் வாங்கிக்கொண்டு வருகிற ஒருவரிடம் ‘வா’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்3 வரைக்குமான இலக்கணத்தையும் காஞ்சியையும் ஊரிலிருந்தே படிக்கலாம்; சென்னையில் நல்ல பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, அந்தத் தேர்வும் அங்கேயே நடக்கிறது. அதற்குப் பிறகும் வந்தே தீர வேண்டும் என்றால், இரண்டு ஆண்டு வேண்டாம், ஓராண்டு போதும்.

அப்படி வருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக்கு மின்னஞ்சலில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மேல் பிரிவுக்கு அனுப்பும் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் உண்டா? காஞ்சி தெரியாத நாட்டு மாணவர்களுக்குத் தனி வாசிப்பு வகுப்பு உண்டா? புத்தகத்தைப் பார்க்காமல் பேசும் பாடவேளை வாரத்துக்கு எத்தனை? 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி கல்வி அமைச்சகத்தின் புதிய அங்கீகாரத்தை வாங்கிவிட்டார்களா? பழைய பள்ளிகளுக்கு அதற்கு ஐந்தாண்டு அவகாசம் இருப்பதால் எல்லோரும் இன்னும் வாங்கியிருக்கமாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலாக என்2 தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் அனுப்பும் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த பள்ளிக்கு எழுதுங்கள்.