நாடா இல்லாத பாவாடை: வாங்கலாமா வேண்டாமா?

நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்காக ஆன்லைன்ல, புடவைக்குள்ள உள்பாவாடைக்குப் பதிலா போடற சாரி ஷேப்வேர் ஒன்னு வாங்கினேன், 649 ரூபா. கம்பெனி பேரு வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான் விக்கிறாங்க. நாடா கிடையாது, இடுப்புல அகலமா எலாஸ்டிக், முழங்கால் வரைக்கும் உடம்போட ஒட்டி இறுகி அதுக்குக் கீழ மீன் வால் மாதிரி கொஞ்சம் விரியும், நடக்கறதுக்கு ஒரு பக்கம் ஸ்லிட்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். சாஃப்ட் சில்க் அப்படியே படிஞ்சு நின்னுச்சு, இடுப்புகிட்ட அந்த சுருக்கு மேடு இல்லவே இல்ல, ஓரகத்தி பார்த்துட்டு "என்னக்கா இளைச்சுட்டீங்களா"ன்னு கேட்டா, 649 ரூபா அங்கயே வசூல்.

அப்புறம் ஆரம்பிச்சுச்சு. மண்டபத்துல மாடிப்படி ஏறும்போது கால் எட்டி வைக்க முடியல, பந்தியில உக்காந்தா எலாஸ்டிக் மேல் ஓரம் பாய் மாதிரி சுருட்டிக்கிட்டு இறங்குது, கொசுவத்தை எலாஸ்டிக்ல சொருகினா புடவை கனத்துக்கு அதுவும் சேர்ந்து கீழ வருது, நாடான்னா நறுக்குன்னு பிடிச்சுக்கும், இது பிடிக்கல. தாலி கட்டற நேரத்துல நான் அட்சதையை ஒரு கையிலயும் இடுப்பை ஒரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாத்ரூம் போய்ட்டு வர்றதைப் பத்தி எழுதல, புரிஞ்சுக்கோங்க. மே மாச வேர்வையில பாலியஸ்டர் தொடையில ஒட்டி மறுநாள் பூரா அரிப்பு. ரெண்டாவது துவைக்கு ஸ்லிட் தையல் வேற விட்டுருச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, பாவாடைங்கற வார்த்தையே விரிக்கிறதுலேர்ந்து வந்தது. தளம் பாவுறதுன்னு சொல்றோம்ல, அந்தப் பாவு. பெரிய மனுஷங்க நடந்து வர தரையில விரிக்கிற துணிக்கு நடைபாவாடைன்னு பேரு, சாமி முன்னாடி சோத்தைக் குவிச்சுப் படைக்க விரிக்கிறதும் பாவாடைதான், திருமலையில வியாழக்கிழமை புளியோதரையைக் குவிச்சு வச்சு நடக்கற திருப்பாவாடை சேவை அதான். எங்க விழுப்புரம் பக்கம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில்ல பாவாடைராயன்னு சாமியே இருக்காரு, தாத்தாங்களுக்கெல்லாம் பாவாடைன்னு பேரு இருக்கும், ஸ்கூல்ல அந்தப் பேரைக் கேட்டு சிரிச்ச பாவத்துக்குத்தான் எனக்கு இப்ப இந்தப் பாவாடை வாய்ச்சுதோ என்னமோ. இங்கிலீஷ்காரன் பெட்டிகோட்டும் அப்படித்தான், முதல்ல அது ஆம்பளைங்க உள்ளுக்குப் போட்ட குட்டை கோட்டு, அப்புறம்தான் பொம்பளைங்க பாவாடை ஆச்சு.

எங்க பாட்டி உள்பாவாடையே கட்டினதில்ல. 16 முழம் கண்டாங்கி, பின்கொசுவம், அதுவே ரெண்டு மூணு சுத்து வரும், உள்ள எதுக்கு இன்னொன்னு? நீளம் 12 முழமா குறைஞ்சு துணியும் மெலிசாக ஆரம்பிச்சப்புறம்தான் இது கட்டாயமாச்சு. 1860கள்ல வங்காளத்துல தாகூர் குடும்பத்து மருமக ஞானதானந்தினி தேவி, பம்பாய் போய் பார்சி பொம்பளைங்க கட்டறதைப் பார்த்துட்டு வந்து, ஜாக்கெட் உள்பாவாடையோட வெளிய போற மாதிரி புடவை கட்டற முறையைப் பரப்பினாங்க. அதுக்கு முன்னாடி பெரிய வீட்டுப் பொம்பளைங்க உள்ளுக்கு ஒன்னும் இல்லாம ஒத்தைப் புடவையிலதான் இருந்தாங்க, அதோட வெளிய வர முடியாதுல்ல.

சரி, அப்ப பழைய நாடா பாவாடையே சொர்க்கமான்னு கேட்டா அதுவும் இல்ல. எங்கம்மா இடுப்புல கறுப்பா ஒரு கோடு இருக்கும், நாப்பது வருஷமா கயிறு மாதிரி நாடாவை ஒரே இடத்துல இறுக்கினது. 2024ல பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல டாக்டருங்க ரெண்டு பாட்டிங்க கேஸ் எழுதியிருந்தாங்க, வருஷக்கணக்கா இடுப்புல இறுக்கிக் கட்டின இடம் உரசி உரசிப் புண்ணாகி ஆறாம கேன்சர்ல போய் முடிஞ்சிருக்கு. எல்லாருக்கும் வராது, அபூர்வம்தான், ஆனா அதைப் படிச்ச அன்னிக்கே அம்மா நாடாவை தளர்த்தச் சொல்லிட்டேன், கேக்கறாங்களான்னு தெரியல.

இப்ப நான் கட்டறது தெருமுனை டைலர் அக்கா தைச்ச எட்டு பீஸ் பாவாடை. ரெண்டே கால் மீட்டர் காட்டன் பாப்ளின், முதல் நாளே தண்ணியில ஊறப்போட்டு காய வச்சுத்தான் கொடுக்கணும், இல்லைன்னா முதல் துவையிலயே கணுக்காலுக்கு மேல ஏறிடும். இடுப்புல நாலு விரக்கடை அகலத்துக்குப் பட்டை வைக்கச் சொல்லி, உருட்டு நாடா வேண்டாம்னு தட்டையான நாடாவா கோத்துக்கிட்டேன். துணி, கூலி எல்லாம் சேர்த்து 380 ஆச்சு. ஷேப்வேர் மாதிரி ஒல்லியா காட்டாதுதான், ஆனா படி ஏறலாம், பந்தியில ரெண்டாவது தடவை பாயசம் கேக்கலாம்.

ஷேப்வேர் வாங்கியே தீரணும்னா ஒரு சைஸ் பெருசா எடுங்க, ரிசப்ஷனுக்கு மட்டும் போடுங்க, கொசுவத்தை எலாஸ்டிக்கோட சேர்த்து ரெண்டு ஊக்கு குத்திக்கோங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுல ஒன்னு ஓரகத்தி கேட்ட கேள்விக்கு.