மும்பையில் ரயில் படம் எடுக்க 70-300 லென்ஸ்: நெடுநாள் அனுபவம்

ரயில் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று மும்பை நண்பர்கள் கேட்டால் 70-300 மி.மீ. ஜூமைத்தான் சொல்வேன். கல்யாண்–புனே தடம் டி.சி. (நேர்) மின்சாரத்தில் ஓடிய காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இன்றும் என் பையில் இருக்கிறது.

பிளாட்பார மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, தூரத்து வளைவில் திரும்பும் வண்டியைப் படம் நிறையப் பிடிக்கலாம். தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம். அது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

200 மி.மீ. வரை படம் பளிச்சென்று விழுகிறது. 300இல் லேசாக மங்கும். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்8 வைத்தால் எஞ்சின் மேல் எழுதிய எண்ணைப் படிக்கலாம். எனக்கு அதுதான் அளவுகோல். மே மாத மதியம் ஜல்லிச் சூட்டில் காற்று அலைபாயும்போது மட்டும் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் உதவாது, காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

லோக்கல் வண்டியில் ஊர்ப்பெயர் காட்டும் எல்.இ.டி. பலகை தனித் தலைவலி; அதன் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. ஷட்டர் 1/1000 நொடி வைத்தால் பாதி எழுத்து காணாமல் போகும். வண்டி நேர் எதிரே வேகம் குறைந்து வரும்போது 1/160 போதும்; எழுத்தும் முழுசாக வரும், வண்டியும் கலங்காது. பக்கவாட்டில் ஓடும் வண்டிக்கு இது செல்லாது.

பெரிய எதிரி மழைக்காலம். ஒரு வருஷம் உள்கண்ணாடியில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்துவிட்டது. சுத்தம் செய்த பிறகும் எதிர்வெயிலில் படம் சற்று வெளுக்கிறது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடுதான் தூங்குகிறது.

இதை வைத்து எடுத்தவற்றில் உயிரான படங்கள், மும்பை–புனே தடத்தில் மலை அடிவாரத்தில் இருக்கும் கர்ஜத்தில் எடுத்தவை. அங்கிருந்து மேலேறும் போர் காட் மலைப்பாதையின் ஏற்றம் 37க்கு 1, அதாவது 37 அடி போனால் ஓரடி உயரும். புனே பக்கம் போகும் கனமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள, அங்கே பேங்கர் எஞ்சின்கள் கோர்ப்பார்கள். அன்று அந்த வேலையில் இருந்தவை சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் ஆலையில் செய்த டபிள்யூ.சி.ஜி-2 ரக மின் எஞ்சின்கள். 1,500 வோல்ட் டி.சி.யில் மட்டுமே ஓடும். தடம் 25,000 வோல்ட் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்துக்கு மாறியதும் அவற்றுக்கு ஓட இடமில்லாமல் போய்விட்டது.

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற தாராவி அண்ணாச்சி ஒருவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். எஞ்சின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே எண்ணைத்தான் தேடினார். "தம்பி, இதுல நான் போயிருக்கேன்" என்றவர், அந்த ஏற்றத்தில் மழை இரவுகள் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். படத்தின் கீழ் எண், இடம், தேதி மூன்றையும் எழுதிவையுங்கள் என்று எல்லோரையும் நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஓரத்தில் சிலந்தி நூல்போல ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.