பவுடரும் பிணந்தின்னிக் கழுகும்: ரியோவின் இரு பங்காளிகள்

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், மரகானா கால்பந்து மைதானத்துக்குள் ஃபுளுமினென்சே அணி நுழையும்போது தெற்குப் பக்க கேலரியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி மேலே மிதக்கும். புகையல்ல, பவுடர். முகத்துக்குப் பூசுகிற பவுடரைப் பை பையாகக் கொண்டுவந்து அள்ளி வீசுகிறார்கள். எதிரே வடக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். அங்கே ஃபிளமெங்கோ ரசிகர்களின் கொடியில் பிணந்தின்னிக் கழுகு சிறகை விரித்திருக்கும். ஊர் உலகத்தில் கிளப்புகள் சிங்கத்தையும் புலியையும் சின்னமாக வைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டு கிளப்புகளும் வைத்திருப்பது எதிராளி வாயிலிருந்து வந்த வசையை. ரியோ டி ஜெனிரோவின் இந்த ஜோடியை ஒப்பிடுகிறவர்கள் கோப்பைகளை எண்ணத் தொடங்குவார்கள். நான் வசையிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் பிறப்புக் கதை. 1902-ல் ஆஸ்கர் காக்ஸும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய ஃபுளுமினென்சே கால்பந்துக்கென்றே பிறந்த கிளப். ஃபிளமெங்கோ அதற்கும் மூத்தது, 1895. ஆனால் அது துடுப்புப் படகுக் கிளப். பந்து பக்கமே போனதில்லை. 1911-ல் ரியோ சாம்பியன் ஆன கையோடு ஃபுளுமினென்சே வீரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை மூண்டது. ஆல்பெர்டோ போர்ஜெர்த் தலைமையில் அணியின் பெரும்பகுதி வெளியேறி ஃபிளமெங்கோவின் கதவைத் தட்டியது. படகோட்டிகளுக்கு இவர்களைப் பெரிதாகப் பிடிக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள், தங்கள் சட்டையை மட்டும் தரவில்லை. கால்பந்துக்காரர்கள் சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாகப் போட்ட வேறு சட்டையில் ஆடினார்கள். 1912 ஜூலை 7 அன்று இரு தரப்பும் முதன்முறையாக மோதின. பழைய சாம்பியன்கள் ஒரு பக்கம், வீட்டில் மிச்சம் இருந்தவர்கள் மறுபக்கம். மிச்சம் இருந்தவர்கள் 3-2 என்று வென்றார்கள். நம் ஊர் பங்காளிச் சண்டைக்கு இருக்கிற அத்தனை லட்சணமும் இதற்கு உண்டு.

ஆகவே ஃபுளுமினென்சே பணக்காரர் கிளப், ஃபிளமெங்கோ ஏழைகளின் கிளப் என்ற பழகிப்போன வரியை நான் பாதிதான் நம்புவேன். பிரிந்து போனவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். பிரிந்தபின் நடந்ததுதான் வித்தியாசம். ஃபுளுமினென்சேவுக்கு லாரன்ஜெய்ராஸ் பகுதியில், குவானபாரா அரண்மனையை ஒட்டிச் சொந்த மைதானம். பிரேசில் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை 1914-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் சிட்டியோடு ஆடியது அந்த இடத்தில்தான். ஃபிளமெங்கோவுக்கோ ஆரம்பத்தில் மைதானமே இல்லை. கடற்கரையோரத் திறந்தவெளியில் பயிற்சி செய்தார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. 1936-ல் லியோனிடாஸ், டொமிங்கோஸ் ட கியா, ஃபாஸ்டோ என்ற மூன்று கறுப்பின நட்சத்திரங்களை ஃபிளமெங்கோ சேர்த்தது. தலைநகரமாக இருந்த ரியோவின் வானொலி மீதி வேலையைச் செய்தது. ரியோவைக் கண்ணால் பார்த்திராத வடகிழக்குப் பிரேசில்காரர்கள் ஃபிளமெங்கோக்காரர்கள் ஆனது அப்படித்தான். பிரேசிலிலேயே அதிக ரசிகர்கள் கொண்ட கிளப் இன்றும் அதுதான்.

இனி வசைகள். 1914-ல் கார்லோஸ் ஆல்பெர்டோ என்ற கலப்பின வீரர், ரியோவின் இன்னொரு கிளப்பான அமெரிக்காவிலிருந்து ஃபுளுமினென்சேவுக்கு வந்தார். முகத்தில் அரிசிப் பவுடர் பூசிக்கொண்டு ஆடுவார். வெயிலில் வியர்க்க வியர்க்கப் பவுடர் கரைந்து வழியும். பழைய கிளப்பின் ரசிகர்கள் அதைப் பார்த்து "அரிசிப் பவுடர்!" என்று கத்தினார்கள். வெள்ளையர்களின் கிளப்பில் கறுப்புத் தோலை மறைக்கப் பூசினார் என்பது ஊர் சொல்லும் கதை. சவரம் செய்தபின் பூசுவது அவர் வழக்கம், முந்தைய கிளப்பிலேயே பூசியவர்தான் என்பது ஃபுளுமினென்சே சொல்லும் கதை. எது உண்மையாக இருந்தாலும் வசை ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த ரசிகர்கள் அதையே மூட்டை கட்டி மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஃபிளமெங்கோ ரசிகர்களை மற்றவர்கள் "பிணந்தின்னிக் கழுகுகளே" என்று கூப்பிட்டது தோலின் நிறத்துக்காக. அதில் இரண்டாவது கதையே கிடையாது. 1969-ல் பொட்டாஃபோகோவுக்கு எதிரான ஆட்டத்தன்று சில இளைஞர்கள் உயிருள்ள கழுகு ஒன்றைப் பிடித்து, மறைத்து மரகானாவுக்குள் கொண்டுவந்தார்கள். காலில் ஃபிளமெங்கோ கொடியைக் கட்டி மேலிருந்து பறக்கவிட்டார்கள். கொடியின் பாரத்தோடு அது தட்டுத்தடுமாறிப் பறந்து புல்வெளியில் இறங்கியது. அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு ஃபிளமெங்கோ பக்கமே "கழுகு, கழுகு" என்று ஆர்ப்பரித்தது. ஆட்டம் 2-1, வெற்றி ஃபிளமெங்கோவுக்கு. கார்ட்டூன் கலைஞர் ஹென்ஃபில் வரைய வரைய, அதுவரை சின்னமாக இருந்த பொப்பாய் மாலுமி காணாமல் போனார்.

இந்த இரண்டில் எனக்கு மரியாதை கூடுதல் கழுகின் மேல்தான். அவர்கள் வசையை அதன் முழுப் பொருளோடு எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். பவுடர் அப்படியல்ல. வீச வீச அதன் பொருள் உதிர்ந்து, வெறும் அழகு மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த அழகுக்கு ஈடாக உலகக் கால்பந்தில் அதிகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோப்பைக் கணக்கில் நீண்ட நேரம் செலவிடத் தேவையில்லை, ஃபிளமெங்கோவின் கை ஓங்கியிருக்கிறது. 1981-ல் ஜிகோவின் அணி தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய கோப்பையான கோபா லிபெர்டடோரெஸ் வென்று, டோக்கியோவில் லிவர்பூலை 3-0 என்று வீழ்த்தியது. (நம்மில் பலருக்கு அந்த ஜிகோ எஃப்சி கோவாவின் பயிற்சியாளராகத்தான் அறிமுகம்.) பிறகு 2019-ல் ரிவர் பிளேட்டுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கேபிகோல் அடித்த இரண்டு கோல்கள், 2022-ல் மீண்டும். ஃபுளுமினென்சே அதே கோப்பைக்கு 2023 வரை காத்திருந்தது. போகா ஜூனியர்ஸை வென்றது மரகானாவிலேயே.

தோல்விக் கணக்கு இன்னும் சுவையானது. ஃபிளமெங்கோ ஒருபோதும் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதில்லை. ஃபுளுமினென்சே மூன்றாம் டிவிஷன் வரை போய்விட்டு வந்தது. 1994-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் பரெய்ராதான் 1999-ல் வந்து அந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டார். அடுத்த ஆண்டு போட்டி முறையே மாறியதால், இரண்டாம் டிவிஷனைத் தாண்டிக் குதித்து நேராக மேலே போனது. "இரண்டாம் டிவிஷன் பாக்கியை எப்போது கட்டுவீர்கள்?" என்று இன்றும் கேட்கிறார்கள். 2013-ல் தகுதியில்லாத வீரரை ஆடவிட்டதற்காக போர்ச்சுகேசா கிளப்பின் 4 புள்ளிகள் பறிக்கப்பட்டு அது கீழே போனபோதும், அதனால் இறங்காமல் தப்பிய ஃபுளுமினென்சே மேல்தான் பழி விழுந்தது. அதே குற்றத்துக்காக ஃபிளமெங்கோவும் 4 புள்ளிகளை இழந்தது. போர்ச்சுகேசா தண்டிக்கப்படாமல் இருந்திருந்தால் இறங்கியிருக்கவேண்டியது ஃபிளமெங்கோ. இதை யாரும் கோஷமாக்கவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் கேலியும் ஒதுங்கிப் போகும் போலிருக்கிறது.

நேருக்கு நேர் என்று வந்துவிட்டால் கூட்டம் உதவாது. ரியோ சாம்பியன் பட்டத்துக்கான 1963 இறுதி ஆட்டத்துக்கு மரகானாவில் திரண்டவர்கள் 1,94,603 பேர். கோலே இல்லாத அந்த டிரா ஃபிளமெங்கோவுக்குப் பட்டம் தந்தது. அதற்கு முன் 1941-ல் டிரா போதும் என்றிருந்த ஃபுளுமினென்சே, ஃபிளமெங்கோவின் சொந்த மைதானத்தில் பந்தைப் பக்கத்து ஏரிக்குள் உதைத்து உதைத்து நேரத்தைக் கடத்தியது. படகுக் கிளப்பின் ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் பந்து எடுத்து வந்தும் 2-2 மாறவில்லை. 1995-ல் ஃபிளமெங்கோவின் நூற்றாண்டு விழா. நட்சத்திர வீரர் ரொமாரியோ அணியில், பட்டத்துக்கு டிரா போதும், ஆட்டம் 2-2. முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது வலப்பக்கமிருந்து ஐல்டன் உதைத்த பந்து ரெனாட்டோ கௌச்சோவின் வயிற்றில் பட்டு வலைக்குள் போனது. காலால் அல்ல, தலையால் அல்ல, தொப்பையால் நூற்றாண்டு விழா முடிந்தது. எத்தனை லிபெர்டடோரெஸ் வந்தாலும் அந்த வயிற்றுக்கு ஃபிளமெங்கோவிடம் பதிலில்லை.

இன்று பணத்தின் பக்கம் மாறிவிட்டது. மக்கள் கிளப் என்கிற ஃபிளமெங்கோதான் பெரும் பணக்காரக் கிளப். மரகானாவில் ஏழைகள் மலிவாக நின்று பார்த்த பகுதியோ 2005-லேயே மூடப்பட்டுவிட்டது. 'கழுகின் கூடு' என்று பெயர் வைத்த ஃபிளமெங்கோ பயிற்சி மையத்தில், 2019 பிப்ரவரியில் கன்டெய்னர் விடுதி தீப்பிடித்து 10 இளம் வீரர்கள் இறந்தார்கள். வினீசியஸ் ஜூனியரை 4.5 கோடி யூரோவுக்கு விற்ற கிளப் அது. அந்த ஆண்டின் கோப்பைகள் எதுவும் இதை மறைக்காது. சீமான் கிளப் என்று பெயரெடுத்த ஃபுளுமினென்சே, ஷெரேம் என்ற தன் பயிற்சி மையத்தில் பிள்ளைகளை வளர்த்து ஐரோப்பாவுக்கு விற்றுப் பிழைக்கிறது. 2025 கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் செல்சிக்காக இரண்டு கோல் அடித்து ஃபுளுமினென்சேவை வெளியேற்றியவர் ஜோவாவ் பெட்ரோ, ஷெரேமில் வளர்ந்த பிள்ளை.

புதிதாகப் பார்க்க வருகிறவர் யார் பக்கம் உட்காருவது? வெற்றி வேண்டுமென்றால் யோசிக்க வேண்டியதில்லை, வடக்கு. நான் தெற்கு. மைதானம் என்னவோ ஒன்றுதான். 2024-ல் இரண்டு கிளப்புகளும் சேர்ந்தே மரகானாவை 20 ஆண்டுகளுக்கு எடுத்திருக்கின்றன, பங்காளிகள் பொதுக்கிணறு வைத்துக்கொள்வது மாதிரி. தெற்கே வருவதாக இருந்தால் கறுப்புச் சட்டை போட்டு வராதீர்கள், பவுடர் சுலபத்தில் போகாது.