வாடகைக்கு எடுத்த எக்ஸ்ஆர்எஃப் 'கன்': ஒரு வார அனுபவம்

பென்சில்வேனியாவில் மூடிக் கிடந்த ஒரு ட்ராப் ஷூட்டிங் (பறக்கவிட்ட தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) மைதானம். மண்ணில் எவ்வளவு ஈயம் என்று பார்க்க, எக்ஸ்-கதிர் பாய்ச்சி எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தோம். எங்கள் வேலையில் எல்லோரும் அதை 'கன்' என்றுதான் சொல்வோம். சுட்டுச் சுட்டே கெட்டுப்போன மண்ணை மறுபடி ஒரு கன்னை வைத்துச் சுட்டுப் பார்க்கிறோம், என்ன செய்ய.

பெட்டி திங்கள் காலை வந்துவிட்டது. 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,400 பங்கு) ஈயம் உள்ள நிஸ்ட் 2711ஏ என்ற மாதிரி மண்ணை (கருவி சரியா என்று பார்க்க அமெரிக்க அரசின் தர நிறுவனம் விற்பது) வைத்துப் பார்த்தேன், 1,370 காட்டியது. நல்ல சகுனம். ஆனால் இரண்டு பேட்டரியில் ஒன்று அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. போன் செய்தால் "நாளை அனுப்புகிறோம்" என்றார்கள்; வந்தது வியாழன். இதற்கு ஒரு நட்சத்திரம் கட்.

கருவியின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மண்ணில் வைத்து அழுத்தினால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். சுடுபவர் நிற்கும் இடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கிருந்து 120 மீட்டர் தாண்டியதும் எண்கள் எகிற ஆரம்பித்தன. ஈயக் குண்டுகள் போய் விழும் இடம் அதுதான். லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் இந்த எல்லையை வரைய ஒரு மாதம் ஆகியிருக்கும்.

புதன்கிழமைதான் வம்பு. ஒரே இடத்தில் முதலில் 340, கன்னை ஒரு விரல்கடை நகர்த்தினால் 6,000. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். கிளறினால் அடியில் ஒரே ஒரு குண்டு, மேலே வெள்ளைப் பூச்சு பிடித்து. ஏழரை நம்பர் குண்டு ஒன்றின் எடை சுமார் 80 மில்லிகிராம். 5 கிராம் மண்ணில் ஒன்று கலந்தாலே கணக்குப்படி 16,000 பிபிஎம்! அன்றிலிருந்து மண்ணைக் காயவைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கப்பில் போட்டுத்தான் அளந்தேன். ஈர மண்ணில் எண் குறைவாகக் காட்டும். செவ்வாய் மழையில் எடுத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சலித்த மாதிரிகளில் இருபதை லேபுக்கு அனுப்பினோம். பெரும்பாலும் ஒத்துப்போனது. வீட்டு நிலத்துக்கான ஈய வரம்பை இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) 2024 ஜனவரியில் 400-லிருந்து 200 பிபிஎம்முக்கு இறக்கியது. அந்த 200-ஐ ஒட்டி வந்த இடங்களுக்கு மட்டும் லேப் எண்ணையே எடுத்துக்கொண்டேன்.

ஆர்சனிக்குக்கு இதை நம்பவே வேண்டாம். ஒவ்வொரு தனிமத்தையும் அது திருப்பி விடும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை வைத்துத்தான் கருவி அடையாளம் காண்கிறது; ஈயமும் ஆர்சனிக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கோடு போடும். ஈயம் அதிகமானால் ஆர்சனிக் எண் வெறும் ஊகம்தான். உடைந்து கிடக்கும் குறித் தட்டுகளின் தாரிலிருந்து வரும் பிஏஎச் என்ற நச்சுக் கரிமச் சேர்மங்களும் இதற்குத் தெரியாது. அதற்குத் தனியாக லேப் செலவு.

ஐந்துக்கு மூன்றரை. எடுப்பதானால் சல்லடையை நீங்களே கொண்டுபோங்கள், பெட்டியில் வராது.